எரிவதைப் பிடுங்கினால்

(தீக்காலம் தொடங்கும் முன், தை மாதத்தில், போடிநாயக்கனூரில் விவசாயிகளும் மாணவர்களும் தீத்தடுப்புக் காவலர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்.)



நானும் ஒரு மலையடிவாரத்து ஊரில் பிறந்தவன். மாசி, பங்குனி இரவுகளில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருப்போம். மேற்கே மலையில் சிவப்பாக ஒரு கோடு வளைந்து நெளிந்து நகரும். மலைக்கு யாரோ மாலை போட்டதுபோல் இருக்கும். சிறுவர்கள் நாங்கள் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். "அப்பத்தா, அங்கே என்ன எரியுது?" என்று கேட்டால், "மூங்கில் ஒண்ணோட ஒண்ணு உரசுதுடா, தீப்பிடிச்சுக்கிச்சு, தூங்கு" என்பார். அந்தப் பதிலில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. மூங்கில் உரசியது, தீப்பிடித்தது, யார் மீதும் குற்றமில்லை. திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுவேன்.

பிறகு தாவரவியல் படித்தேன், கற்பித்தேன். தீத்தடுப்புக் காவலர்களோடு பல கோடைகள் மலையில் நடந்தேன். தீப்பிடித்த இடங்களில் அது தொடங்கிய புள்ளியைத் தேடிப் போவார்கள். நானும் கூடவே போவேன். அந்தப் புள்ளி மூங்கில் புதரில் இருந்ததை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பாதையோரத்தில் இருந்தது. தோட்டத்து வேலி ஓரத்தில் இருந்தது. மாடு மேயும் சரிவில் இருந்தது. மூன்று கல் வைத்துச் சமைத்த இடத்தில் இருந்தது. இத்தனை காலமும் நாம் மூங்கில்மேல் வீண்பழி போட்டிருக்கிறோம்.

இடி மின்னலால் தீப்பிடிக்காதா என்று கேட்பீர்கள். உலகில் பல நாடுகளில் பிடிக்கிறது. நம் பக்கத்தில் இடி பெரும்பாலும் மழையோடு சேர்ந்தே வருகிறது. காடு காய்ந்து கிடக்கும் மாசியிலும் பங்குனியிலும் வானம் வெறிச்சோடிக் கிடக்கும். அந்த நாட்களில் மலையில் ஒரு பொறி விழுந்தால், பெரும்பாலும் அது ஒரு மனிதன் கையிலிருந்து விழுந்ததுதான். இது வருத்தமான செய்தி. ஆனால் இதற்குள்ளேயே நம்பிக்கையும் இருக்கிறது. மூங்கிலுக்கு யாராலும் புத்தி சொல்ல முடியாது. மனிதர்களோடு பேசலாம். அதற்காகத்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

யார் வைக்கிறார்கள்? நம்மில் பலர்தான். மழை வந்ததும் புதுப்புல் தளிர்க்கட்டும் என்று மேய்ச்சல்காரர் பழைய புல்லைக் கொளுத்துகிறார். தோட்டத்துக் குப்பையை வேலியோரம் குவித்து எரிக்கும் விவசாயி, அது அணைந்துவிட்டது என்று நினைத்துச் சாப்பிடப் போகிறார். தேன் எடுப்பவர் புகை போட்ட பந்தத்தைக் கீழே போட்டுவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்கிறார். காட்டுச் சாலையில் லாரியை ஓரங்கட்டிச் சமைக்கிறார்கள். பீடியின் கடைசித் துண்டைக் காலால் நசுக்காமல் சுண்டி எறிகிறோம். வெள்ளியங்கிரிக்கும் சதுரகிரிக்கும் பக்தியோடு ஏறுகிறவர்களில் சிலர், வழியில் ஒரு பாறையில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வேட்டைக்கு வருபவனும் பகை தீர்க்க வைப்பவனும் தனி. மற்றவர்கள் யாருக்கும் காட்டை அழிக்கும் எண்ணம் கிடையாது. எண்ணம் இல்லாமலேயே காடு எரிகிறது.

இந்த ஊரில் நின்றுகொண்டு காட்டுத்தீயைப் பற்றிப் பேசுகிறவன், 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதியைத் தாண்டிப் போக முடியாது. அன்று ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்தும் வந்த இளைஞர்களும் பெண்களும் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பிற்பகல் வெயில். ஆளுயரப் புல் காய்ந்து நின்றது. சரிவில் தீ வந்தது. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் சிதறி ஓடினார்கள். பள்ளத்தில் விழுந்தவர்கள் உண்டு. மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்தால் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன, கமாண்டோக்கள் வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னால் ஓடிப் போனவர்கள் குரங்கணியைச் சேர்ந்த உங்கள் உறவினர்கள். கையில் கிடைத்த போர்வையில் கட்டி, தோளில் சுமந்து, இருட்டில் அவர்களைக் கீழே கொண்டுவந்தார்கள். அந்தத் தோள்களில் சில இந்த அவையிலும் இருக்கக்கூடும். அவர்களை இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

அந்தத் தடத்தில் செல்ல முறையான அனுமதி இல்லை என்று வனத்துறை அப்போது சொன்னது. விசாரணை நடந்தது. அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. இறந்துபோன பிள்ளைகளைக் குறைசொல்ல நான் இங்கே வரவில்லை. மலையை நேசித்துத்தான் அவர்கள் வந்தார்கள். அந்த நாள் நமக்குக் கற்பித்ததை நாம் கற்றோமா என்பதுதான் என் கேள்வி. காய்ந்த புல், ஏறும் சரிவு, பிற்பகல் வெயில், வழி தெரியாத மனிதர்கள் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நம் மலையே காட்டிவிட்டது. இந்த நான்கில் ஒன்றையாவது பிரித்தெடுப்பதுதான் பாதுகாப்பு விதி என்பதன் பொருள்.

தாய்மார்களுக்கு நான் தீயைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. மூன்று கல் அடுப்பு மூட்டிய கைகள் உங்களுடையவை. தீக்கும் அப்படி மூன்று கற்கள் உண்டு: எரிவதற்கு ஒரு பொருள், பற்றவைக்க வெப்பம், ஊதிவிடக் காற்று. ஒரு கல்லை உருவினால் பானை நிற்காது. வீட்டில் தீயை அடக்க நீங்கள் தண்ணீர் தெளிப்பீர்கள், அது வெப்பத்தை உருவுவது. மண்ணைப் போட்டு மூடுவீர்கள், அது காற்றை உருவுவது. இந்த இரண்டையும்விடச் சுலபமாக, எரிகிற விறகை வெளியே இழுத்துவிடுவீர்கள். எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்று நம் முன்னோர் சொன்னது குடும்பச் சண்டைக்காக மட்டும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. காட்டுத்தீயை அடக்கும் கலை முழுவதும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

மலையில் காற்றை யாராலும் மூட முடியாது. ஒரு மலைச்சரிவுக்குப் போதுமான தண்ணீரை யாராலும் சுமந்து ஏற முடியாது. நம் கைக்கு எட்டுவது ஒன்றுதான்: எரிபொருள். சருகும் காய்ந்த புல்லும். அதை அகற்றுவதற்கு ஒரு காலம் இருக்கிறது. அந்தக் காலம் தீ வந்த பிறகு வருவதில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்கழிப் பனியில் மேல்மலைப் புல் கருகி, தையில் இலைகள் உதிரத் தொடங்கும் இந்த நாட்கள்தான் அந்தக் காலம். பங்குனியில் எரியப்போகும் தீயைத் தையிலேயே அணைத்துவிட முடியும். நான் சொல்ல வந்ததை ஒரே வாக்கியத்தில் சொல்வதானால் இதுதான்.

ஏன் இவ்வளவு முன்கூட்டியே? தீ மலையில் ஏறும் வேகத்தைப் பாருங்கள். சமநிலத்தில் தீயின் நாக்கு மேல்நோக்கி நிற்கும். சரிவில் அந்த நாக்கு அடுத்த புல்லின் மீதே சாய்ந்துகொள்ளும். மேலே இருக்கும் புல் தீ வந்து தொடுவதற்கு முன்பே சூடேறிக் காய்ந்து, பற்றத் தயாராக இருக்கும். சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது தீயணைப்பவர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. 20 பாகைக்கு நான்கு மடங்கு. 30 பாகைக்கு எட்டு மடங்கு. மனிதன் கதையோ தலைகீழ். சரிவு கூடக் கூட அவனுக்கு மூச்சு வாங்கும், கால் தளரும். மேல்நோக்கி ஓடித் தீயை வெல்ல யாராலும் முடியாது. மாணவர்கள் இதை மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்: தீக்கு மேலே, சரிவில், காய்ந்த புல்லில் ஒருபோதும் நிற்காதே.

இதை அமெரிக்கா ஒரு பெரும் துயரத்தில் கற்றது. 1949 ஆகஸ்ட் 5. மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற மலைச்சரிவு. விமானத்திலிருந்து பாராசூட்டில் இறங்கித் தீயணைக்கும் இளைஞர்கள் 15 பேரும், முன்பே அங்கிருந்த வனக் காவலர் ஒருவரும் தீயை நோக்கிப் போனார்கள். தீ திசை மாறி அவர்களை நோக்கி மலையேறியது. எல்லோரும் மேலே ஓடினார்கள். தலைவர் வாக்னர் டாட்ஜ் ஒரு இடத்தில் நின்று, தீக்குச்சி கிழித்து, தன் முன்னால் இருந்த புல்லையே கொளுத்தினார். அது எரிந்து முடித்த சாம்பலுக்குள் நுழைந்து குப்புறப் படுத்துக்கொண்டார். மற்றவர்களையும் அழைத்தார். அவர் செய்வது யாருக்கும் புரியவில்லை. தீயிலிருந்து தப்ப இன்னொரு தீயா என்று நினைத்திருப்பார்கள். பெருந்தீ டாட்ஜைச் சுற்றிக் கடந்து போய்விட்டது. அவர் படுத்திருந்த இடத்தில் எரிவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. 13 பேர் இறந்தார்கள். டாட்ஜும், முகட்டில் பாறை இடுக்கு வழியாக மறுபுறம் சென்ற இருவரும் பிழைத்தார்கள்.

டாட்ஜ் செய்ததை நாம் செய்து பார்க்க வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. பயிற்சி இல்லாதவர் கையில் அது இன்னொரு ஆபத்து. அவர் அன்று கண்டது எரிவதைப் பிடுங்கினால் என்ற நம் பழமொழியைத்தான். உயிர் போகும் நிமிடத்தில் அவர் செய்ததை, நாம் இரண்டு மாதம் முன்னதாக, அவசரமில்லாமல், ஒரு வாரியைக் கையில் வைத்துக்கொண்டு செய்யலாம்.

கருவிகளுக்கு வருகிறேன். காட்டுத்தீ என்றதும் நம் கண் வானத்தைப் பார்க்கிறது. 2024 மார்ச்சில் குன்னூர்ப் பக்கம் காடு எரிந்தபோது, விமானப்படை ஹெலிகாப்டர் பெரிய தொட்டியைத் தொங்கவிட்டு அணையில் நீர் அள்ளிவந்து ஊற்றியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் ஹெலிகாப்டர் வரும்போது தீ பெரிதாகியிருக்கும், சில காடுகள் போயிருக்கும். அது ஊற்றிய பிறகும் புகையும் கட்டைகளைத் தரையில் நடந்து போய்த்தான் அணைக்க வேண்டும். காட்டுத்தீயின் முதல் கருவி என்றும் கைக்கருவிதான்.

1910 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் இரண்டே நாளில் ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. எட் புலாஸ்கி என்ற வனக்காவலர் தன் ஆட்களை ஒரு பழைய சுரங்கத்துக்குள் கூட்டிச் சென்று, அவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றினார். இன்றும் உலகெங்கும் காட்டுத்தீ அணைப்பவர்கள் தோளில் இருக்கும் கருவி அவர் பெயரால் புலாஸ்கி எனப்படுகிறது. ஒரே காம்பு. ஒருபுறம் கோடரி, மறுபுறம் களைக்கொத்து போன்ற அலகு. குறுக்கே கிடக்கும் வேரை ஒருபுறத்தால் வெட்டி, மறுபுறத்தால் மண்ணைச் சுரண்டலாம். இதில் தண்ணீரே இல்லை என்பதைக் கவனியுங்கள். எரிவதைப் பிடுங்குவதற்கென்றே செய்த கருவி அது.

நம் ஊரில் அதற்கு நிகரானவை ஒவ்வொரு வீட்டுத் தாழ்வாரத்திலும் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. மண்வெட்டி, அரிவாள், பல் வாரி. இந்த மூன்றும் இருந்தால் நான்கு பேர் சேர்ந்து ஒரு காலைப் பொழுதில் நல்ல நீளத்துக்குத் தீத்தடுப்புக் கோடு எடுத்துவிடலாம். முதலில் அரிவாளால் புல்லையும் புதரையும் அறுக்க வேண்டும். பிறகு வாரியால் சருகை இழுக்க வேண்டும். கடைசியில் மண்வெட்டியால் வேர்ப்பாயைச் செதுக்கி, வெறும் மண் தெரியச் செய்ய வேண்டும். புல்லை அறுத்ததும் வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். தரையில் இரண்டு விரல் கனத்துக்கு மக்கிய சருகு மிச்சமிருந்தாலும், தீ அதற்குள் புகைந்து புகைந்து கோட்டைக் கடந்துவிடும். வாரிய சருகைத் தோட்டப்பக்கம் போட வேண்டும், காட்டுப்பக்கம் குவித்து வைத்தால் நாமே தீக்கு விறகு அடுக்கியதாகும். புல்லின் உயரத்தைவிடப் பல மடங்கு அகலமாகக் கோடு இருக்க வேண்டும். சரிவிலும் காற்று வீசும் இடத்திலும் இன்னும் அகலம் வேண்டும்.

இப்போது வனத்துறையினர் சருகை ஊதித் தள்ளும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். புளோயர் என்கிறார்கள். கோடு சுத்தம் செய்வதில் அது பல ஆட்களின் வேலையைச் செய்கிறது. மறுபடி மறுபடி இலை உதிரும் காட்டில் ஒருமுறை எடுத்த கோடு பத்து நாளில் மூடிக்கொள்ளும், அதை மீண்டும் திறக்க இது நல்ல துணை. அதற்கு எரிபொருள் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும். அதனால் வாரியை வீசி எறிந்துவிடாதீர்கள்.

விவசாயிகள் வீட்டில் இன்னொரு கருவி இருக்கிறது: மருந்தடிக்கும் முதுகுத் தெளிப்பான். நன்றாகக் கழுவி, வெறும் தண்ணீர் நிரப்பி, குப்பை எரிக்கும் நாளில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து, பதினாறு லிட்டர் தண்ணீர் மலைத்தீயை அணைக்காது. ஆனால் வேலியைத் தாண்டிய முதல் பொறியை அணைக்கும். பெருந்தீ ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் பதினாறு லிட்டர் தண்ணீருக்கு அடங்கக்கூடியதாகத்தான் இருந்தது. இடுப்புயரத்துக்கு மேல் எழாத தீயைப் பச்சைத் தழைக்கொத்தால் அடித்து அணைக்கலாம். அதிலும் ஒரு பக்குவம் உண்டு. தழையை ஓங்கி வீசினால் பொறி பறந்து பின்னால் விழும். தீயின் அடியில் தட்டி, சற்று அழுத்திப் பிடித்து எடுக்க வேண்டும். தீயின் முகத்துக்கு நேரே நிற்காமல், எரிந்து முடிந்த பக்கத்திலிருந்து ஓரமாக அணைத்துக்கொண்டு போக வேண்டும். நம் காவலர் தம்பிகள் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கைப்பழக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தம்பிகளின் உடம்புக்கு நாம் என்ன கொடுத்திருக்கிறோம்? 2020 பிப்ரவரியில், கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் கொட்டம்பத்தூர் என்ற இடத்தில் தீயணைக்கப் போன மூன்று வனக் காவலர்கள் தீயில் சிக்கி இறந்துபோனார்கள். கோடைக்கு மட்டும் கூலிக்கு அழைக்கப்படும் நம் காவலர்களைப் போன்றவர்கள்தான். அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து மலையில் யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் அவர் காலுக்குத்தான் போகிறது. ரப்பர் செருப்புப் போட்டுத் தீயணைக்கப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். சூட்டில் ரப்பர் உருகும். பாலியஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டும். தோல் காலணி, தடித்த பருத்திச் சட்டை, பருத்திக் கால்சட்டை, தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, இடுப்பில் குடிநீர் எல்லாம் ஒவ்வொரு காவலருக்கும் தீக்காலம் தொடங்குமுன் கிடைக்க வேண்டும். முகத்தில் ஈரத்துண்டைக் கட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கடும் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி மூச்சுக்குழலைச் சுட்டுவிடும். தீக்கு மிக அருகில் மூக்கையும் வாயையும் மூட உலர்ந்த பருத்தித் துணியே நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமான கருவிக்கு விலை கிடையாது. உலகில் காட்டுத்தீயை அணைப்பவர்கள் நான்கு விஷயங்களை உறுதிசெய்யாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். தீயை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க உயரத்தில் ஓர் ஆள். அவர் சொல்வது எல்லோர் காதிலும் விழ ஒரு வழி. திரும்பி ஓட முன்பே பார்த்து வைத்த பாதை. ஓடிப்போய் நிற்க எரிவதற்கு ஒன்றுமில்லாத இடம். பாறைத்திட்டோ ஆற்றுமணலோ ஏற்கெனவே கரிந்த நிலமோ அதற்குப் போதும். இந்த நான்கில் ஒன்று இல்லையென்றாலும் தீயை எரியவிட்டுவிட்டுக் கீழே இறங்குங்கள் தம்பிகளே. புல் மறுபடி முளைக்கும். நீங்கள் வீடு திரும்ப வேண்டும்.

இனி விதிகள். விதி என்றால் அபராதச் சீட்டு நினைவுக்கு வருகிறது. சட்டம் இருக்கத்தான் செய்கிறது. காப்புக்காட்டில் தீ வைப்பதை 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் அன்றே தடுத்தது. சரணாலயத்துக்குத் தீ வைப்பதையும், அதற்குக் கேடு வரும்படி எரியும் தீயை விட்டுச் செல்வதையும் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. ஆனால் ஆளில்லாத சரிவில் சட்டம் நம் கூடவே நடந்து வராது. காரணம் புரிந்த விதிதான் கூட வரும். அதனால் ஒவ்வொன்றையும் காரணத்தோடு சொல்கிறேன்.

தோட்டத்துக் குப்பையை எரிக்காதீர்கள், மட்க வையுங்கள். மாந்தோப்பின் சருகும் இலவந்தோப்பின் தழையும் மரத்தடியில் மூடாக்காகக் கிடந்தால் ஈரம் காக்கும், மழைக்காலத்தில் மெல்ல எருவாகும். எரித்தே ஆக வேண்டும் என்றால் தை முடிவதற்குள், காற்று அசையாத அதிகாலையில், வனக் காப்பாளருக்குச் சொல்லிவிட்டு, சுற்றிலும் மண் தெரியச் செதுக்கிவிட்டு எரியுங்கள். ஏன் அதிகாலை? வெயில் ஏறினால் சூடான காற்று பள்ளத்திலிருந்து மலைமீது ஏறத் தொடங்கும். பிற்பகல் தீ அந்தக் காற்றின் முதுகில் ஏறிக்கொள்ளும்.

தீயை விட்டு நகர்வதற்கு முன் புறங்கையைச் சாம்பலுக்கு அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் அது அணையவில்லை. தண்ணீர் ஊற்றுங்கள், கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். மேலே மண்ணை மட்டும் போட்டு மூடிவிட்டுப் போனால் உள்ளே கங்கு பல மணி நேரம் உயிரோடு கிடக்கும்.

கோயில் மலைக்கு ஏறுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கற்பூரத்தைச் சன்னிதியில் ஏற்றுங்கள், வழியில் வேண்டாம். காட்டுக்குள் தீப்பெட்டியும் பீடியும் பையை விட்டு வெளியே வரக்கூடாது. மலையேற்றத்துக்கு வரும் பிள்ளைகள் அனுமதிச் சீட்டோடும் வழிகாட்டியோடும் வாருங்கள். தீக்காலத்தில் தடங்களை மூடினால் கோபப்படாதீர்கள். அந்த மூடிய கதவுக்குப் பின்னால் குரங்கணியின் நினைவு இருக்கிறது.

மலையில் புகையைக் கண்டால், யாராவது சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள். வனத்துறைக்கோ 101, 112 எண்களுக்கோ உடனே சொல்லுங்கள். டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் கண்டுபிடிக்கும் தீப்புள்ளிகளைக் கைப்பேசிச் செய்தியாக அனுப்புகிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் செயற்கைக்கோள் ஒவ்வொரு இடத்தையும் ஒரு நாளில் சில முறைதான் கடக்கிறது. அதன் நுட்பமான கருவிகூட 375 மீட்டர் சதுரத்தை ஒரு புள்ளியாகத்தான் பார்க்கிறது. மாடியில் நிற்கும் உங்கள் கண் அதற்கு முன்னால் பார்த்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு கேள்வியை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். காட்டில் தீயே கூடாதா? எங்கள் தாத்தா காலத்தில் மலையில் தீ வைப்பார்களே, காடு அழிந்தா போனது என்று பழங்குடிப் பெரியவர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சத்தியமங்கலத்துக்கு வடக்கே பிலிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் ஆண்டின் தொடக்கத்தில், சருகு லேசாகவும் தரை ஈரமாகவும் இருக்கும்போதே சிறுதீ வைத்துவந்தார்கள். தரகு பெங்கி என்பது அதன் பெயர். தரகு என்றால் நம் சருகுதான். அந்தத் தீ முழங்காலுக்கு மேல் எழாது. மரம் பிழைக்கும், சருகு தீரும், கோடையில் பெருந்தீக்கு இரை இருக்காது. 1974இல் அந்த மலை சரணாலயமானது, தீ தடுக்கப்பட்டது. தீ நின்ற பிறகுதான் உண்ணிச்செடி காடெங்கும் பரவியது என்று அந்த மக்கள் சொல்கிறார்கள். ஆய்வாளர்களும் அவர்கள் சொல்லைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். வெப்பமண்டல அமெரிக்கப் பகுதிகளிலிருந்து அழகுச் செடியாக வந்த அந்த உண்ணிச்செடி, இன்று காய்ந்த புதராக ஆளுயரம் நின்று, தரையில் ஓடும் தீயை மரக்கிளை வரை ஏற்றிவிடும் ஏணியாகிவிட்டது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இது: காலமும் அளவும் அறிந்தவர் கையில் தீ ஒரு வாரி போன்ற கருவி. பங்குனி வெயிலில் அறியாதவர் கையில் அதுவே கொலைக்கருவி. இன்று புதர் மண்டிய காட்டில் பழைய வழக்கத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆனால் வனத்துறை கோடுகளைக் காலத்தோடு எரித்துச் சுத்தம் செய்யும்போது, அந்தப் பெரியவர்களைக் கூலியாட்களாக மட்டும் அழைக்காமல், எங்கே, எப்போது என்று முடிவெடுக்கும் இடத்திலும் உட்கார வைக்க வேண்டும். மேல்மலைச் சோலைக்காட்டுக்கு மட்டும் இந்தப் பேச்சே பொருந்தாது. அதன் மரங்களுக்குத் தீயைத் தாங்கும் தோல் இல்லை. ஒவ்வொரு தீயும் சோலையின் ஓரத்தைக் கொஞ்சம் கடித்துக்கொண்டு போகிறது. கடித்த இடத்தில் புல் வருகிறது, அடுத்த தீக்கு அது வழிவிடுகிறது.

அந்தச் சோலையில்தான் நம் தண்ணீர் இருக்கிறது. இந்த ஊரைக் கடந்து ஓடும் கொட்டகுடி ஆறு குரங்கணி மலையில் பிறந்து வைகையில் சேர்கிறது. மலையில் சருகு மக்கிய மண் பஞ்சுபோல மழையைக் குடித்து, மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விடுகிறது. எரிந்த மண்ணுக்கு அந்தப் பொறுமை கிடையாது. முதல் மழை சாம்பலையும் மேல்மண்ணையும் அடித்துக்கொண்டு ஒரே நாளில் ஓடிவிடும். உங்கள் மாந்தோப்புக் கிணற்றுக்குத் தை மாதம் ஊற வேண்டிய தண்ணீர் அது. மலையில் எரிவது வனத்துறையின் சொத்து என்று நினைக்கிறவர்கள் தங்கள் கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு காவலர் என்னிடம் சொன்னதை மறக்க முடியவில்லை. கோடு செதுக்கிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஐயா, தீயை அணைச்சவனைப் பேப்பர்ல போட்டோ புடிச்சுப் போடுவாக. தீ வராம பாத்தவனுக்கு என்னத்த போட்டோ புடிப்பாக? அங்கதான் ஒண்ணுமே நடக்கலையே." எரியாத காடு செய்தியாகாது. இரண்டு மாதம் வாரிய சருகுக்கு விருது கிடையாது. தை மாதத்திலேயே ஆள் எடுக்கவும், கூலியை மாதம் தவறாமல் கொடுக்கவும், காலணியும் காப்பீடும் உறுதிசெய்யவும் நாம் கேட்க வேண்டும். தீ வந்த பிறகு இரங்கல் சொல்லும் நாக்கால், தீ வருமுன் இதைக் கேட்க வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, வனத்துறையின் ஒப்புதலோடு, அடிவாரத்துத் தோட்டங்களுக்கும் காட்டுக்கும் இடையிலுள்ள எல்லையில் கோடு எடுக்கப் போகிறோம். நானும் வருகிறேன். என் வயதுக்கு மண்வெட்டி பிடிக்க முடியாது, வாரி பிடிக்க முடியும். வீட்டில் இருக்கும் வாரியையும் அரிவாளையும் எடுத்துவாருங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை போடுங்கள், காலில் செருப்புக்குப் பதில் காலணி போடுங்கள், குடிக்கத் தண்ணீர் கொண்டுவாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் பெற்றோரோடு வரட்டும்.

எங்கள் அப்பத்தா பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். உங்களுக்கு இன்று அதைவிடக் கூடுதலாகத் தெரியும். வரும் பங்குனியில் ஓர் இரவு உங்கள் பேரப்பிள்ளை மாடியில் படுத்துக்கொண்டு மேற்கே பார்க்கும்போது, மலை இருட்டாகவே இருக்கட்டும். "அங்கே என்ன இருக்கு?" என்று அது கேட்டால், "காடு இருக்கு, தூங்கு" என்று சொல்லுங்கள்.